ஞாயிறு மழை

பலெர்மோவில் நான் வேலை செய்த முதல் வீட்டில், சனிக்கிழமை மாலைச் செய்தி முடிந்ததும் ஒருவரும் பேசக் கூடாது. அது வானிலை சொல்லும் நேரம். சீருடை போட்ட ஓர் அதிகாரி இத்தாலியின் படத்துக்கு முன்னால் நின்று, வடக்கில் தொடங்கி ஆறுதலாகக் கீழே இறங்கி வருவார். சிசிலிக்கு வந்து சேருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். வீட்டுக்காரச் சினியோரா சோபாவில் இருந்து பார்ப்பார். நான் சாப்பாட்டு மேசையில் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தபடி பார்ப்பேன். சினியோராவுக்கு வெயில் வேண்டும், எனக்கு மழை வேண்டும்.

நான் அந்த வீட்டோடு தங்கி வேலை செய்தேன். ஞாயிறு எனக்கு விடுமுறை என்பது பேச்சு. ஆனால் சினியோராவுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலோரமாக, இன்னொரு வீடும் இருந்தது. ஞாயிறு வெயில் எறித்தால் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பட்டாளம் அங்கே சாப்பிட வரும். மீன் வெட்ட, தட்டுக் கழுவ, முற்றம் கூட்ட நான் வேண்டும். மழை பெய்தால் ஒருவரும் வரமாட்டார்கள். நான் என் மகளிடம் போகலாம். கோடை முழுக்க அந்த ஊரில் மழை கிடையாது. ஆனபடியால் கோடை முழுக்க எனக்கு ஞாயிறும் கிடையாது.

மகளுக்கு அப்போது நாலு வயது. நகரத்துக்குள் சீசா என்ற பகுதியில் ஒரு தமிழ் அக்கா தன் பிள்ளைகளோடு சேர்த்து அவளையும் பார்த்துக்கொண்டார். என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். வேலை முடிந்து அந்த அக்கா வீட்டில்தான் வந்து படுப்பார். பிள்ளைக்குக் காது குத்தியது, காய்ச்சலில் கிடந்தது, நேர்சரிக்கு அழுதுகொண்டு போன முதல் நாள், எல்லாம் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும்.

அந்த ஐப்பசியில் அவளுக்கு ஏடு தொடக்க வேண்டும். விஜயதசமி வேலை நாளில் வந்தது. ஊரில் பஞ்சாங்கம் பார்ப்போம். பலெர்மோவில் சினியோராமார் விடுகிற நாள்தான் நல்ல நாள். கலியாணம், பிறந்தநாள், பிள்ளை பிறந்த துடக்குக் கழிவு எல்லாம் ஞாயிறு. சரஸ்வதியும் ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கொண்டாள். தேவாரம் படிக்கத் தெரிந்த ஓர் ஐயா காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் அவரும் யாரோ வீட்டில் சமைக்கப் போகவேண்டும். பிள்ளையை மடியில் இருத்தி, அரிசியில் முதல் எழுத்து எழுத நான்தான் விரல் பிடிப்பேன் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். ஒன்றாவது என் கையால் நடக்கட்டும் என்று இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அதிகாரி நல்ல செய்தி சொன்னார். இரவும் ஞாயிறும் மேற்குச் சிசிலியில் இடியுடன் மழை. திங்களிலிருந்து கிழமை முழுக்க ஷிரோக்கோ, ஆபிரிக்கப் பக்கமிருந்து தூசியோடு வரும் சூட்டுக்காற்று. சினியோரா பெருமூச்சு விட்டார். நான் போய்த் தொலைபேசியை எடுத்தேன்.

"நாளைக்கு மழையாம். நான் வாறன்," என்றேன் கணவரிடம்.

"ரீவியிலை சொன்னவங்களோ?"

"ஓம், இடியோடை."

"ஐப்பசியெல்லோ. பிடிச்சுதெண்டா விடாது," என்றார் அவர்.

அதுதான் எங்கள் பிழை. எங்கள் ஆட்கள் எல்லோரும் வருஷா வருஷம் அந்தப் பிழையை விட்டார்கள். யாழ்ப்பாணத்து ஐப்பசி மழை பெட்டியோடு வந்த விருந்தாளி, இலேசில் கிளம்பாது. சிசிலி மழை கதவைத் தட்டி ஏசிவிட்டுப் போகிற அயல்வீட்டுக்காரி. இது தெரிந்தும், மழை என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு ஊர் மழைதான் மனதில் பெய்யும்.

முன்கூட்டியே லீவு கேட்டிருக்கலாமே என்று இப்போது யாரும் சொல்லலாம். கேட்டு வாங்கிய லீவுக்கு ஒரு மாதம் முகம் பார்த்து நடக்கவேண்டும். மழை தரும் லீவுக்கு ஒருவர் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

இரவு மழை கொட்டியது. அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினேன். விடியச் சினியோரா ஜன்னலைத் திறந்து, "என்ன அழகான நாள்," என்றார். வானத்தில் மருந்துக்கும் முகில் இல்லை. எனக்கு அழவேண்டும் போல் இருந்தது.

ஆனாலும் கேட்டேன். ஏடு தொடக்கலை என் இத்தாலியில் பள்ளிக்கூடம் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன பள்ளிக்கூடம் என்று சினியோரா கேட்டார். நியாயமான கேள்விதான். "பிள்ளைகள் புறப்பட்டுவிட்டார்கள், மீனுக்கும் சொல்லியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளேன்," என்றார். கெட்ட மனுசி இல்லை. எனக்குத்தான் அதற்குமேல் வாதாடத் தெம்பு இல்லை.

"மழை எண்டெல்லோ சொன்னனீர்?" என்றார் கணவர் தொலைபேசியில்.

"சொன்னது அவங்கள். வானம் என்ரை கையிலையோ இருக்கு? ஐயாவை மினக்கெடுத்தாதேங்கோ. அக்காவை விரல் பிடிக்கச் சொல்லுங்கோ."

ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் மீனுக்குச் செதில் சுரண்டினேன். இப்போது விளக்கு ஏற்றியிருப்பார்கள், இப்போது அரிசியைத் தட்டில் பரப்பியிருப்பார்கள் என்று நினைத்து நினைத்துச் சுரண்டினேன். கடலுக்கு மேலே தூரத்தில் ஒரு முகில் நின்றது. நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். அந்த முகில் என் பக்கம் திரும்பாமலே போய்விட்டது.

எல்லாம் கழுவி முடிந்து பஸ் பிடித்துச் சீசா போய்ச் சேர, பொழுது சாய்ந்துவிட்டது. கால் இரண்டும் மரத்துக் கிடந்தன. சரஸ்வதி படத்துக்கு முன்னால் அரிசித் தட்டு அப்படியே இருந்தது. நடுவில், வாலை நீட்டிக்கொண்டு ஒரு கோணல் 'அ'.

"நீர் வந்து பார்க்கவேணும் எண்டு ஒருத்தரையும் தொட விடேல்லை," என்றார் அக்கா.

மகள் என்னைக் கண்டதும் ஓடினாள். என்னிடம் இல்லை, பால்கனிக்கு. கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"மழை இல்லையே, மம்மா. எப்பிடி வந்தனீங்கள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சப்பாத்துக் கழற்றாமலே நிலத்தில் இருந்து அழுதேன். அக்கா பார்க்கட்டும், கணவர் பார்க்கட்டும் என்றே அழுதேன். அவள் என் கையைப் பிடித்துத் தட்டுப் பக்கம் இழுத்தாள், எழுதிக் காட்ட. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கை மீன் மணத்தது. அந்தக் கையைச் சாமி அரிசியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ எழுது, அம்மா பார்க்கிறன் என்றேன்.

திங்கட்கிழமை ஷிரோக்கோ சொன்னபடி வந்தது. அதை அந்த அதிகாரி பிசகாமல் சொல்லியிருந்தார். பால்கனிக் கம்பியெல்லாம் செம்மண் நிறத்தில் தூசி. சினியோரா நெற்றியில் ஈரத் துணியோடு சோபாவில் சாய்ந்திருந்தார். நான் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்:

"அடுத்த ஞாயிறு நான் என் மகளிடம் போகிறேன். அதற்கடுத்த ஞாயிறும்."

"மழை என்று சொன்னார்களா?"

"தெரியாது. நான் இனி அதைப் பார்க்கப் போவதில்லை."

சினியோரா நெற்றித் துணியைத் திருப்பிப் போட்டார். தூசி வருகிறது, ஜன்னலைச் சாத்து என்றார். சாத்தினேன். திரும்பியபோது அந்த ஈரத் துணியை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் எறித்தாலுமா?"

"வெயில் எறித்தாலும்," என்றேன்.