முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்

கோட்டாற்றில் எனக்கு ஒரு பூக்கடை. கடை என்றால் ஒரு அறை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பூக் கட்டத் தெரியும், விற்கத் தெரியாது. விற்பது என் பெண்டாட்டி. போனில் விற்கிறாள்.

இங்கே வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில். கல்யாணமோ சாவோ, நினைத்த உடனே வர முடியாது. பூவாவது போகட்டும் என்று போனில் சொல்வார்கள். நான் கட்டிக் கொண்டுபோய் வைப்பேன். அதுதான் தொழில்.

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே போன். ஒரு நாள் கல்யாணப் பெண்ணின் அம்மா மாதிரிக்கு மாலைப் படம் கேட்டாள். என் பெண்டாட்டி கை தவறி அனுப்பியது, சாவு வீட்டுக்குக் கட்டிய மலர்வளையம். நடுவில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்து. அந்த அம்மா நேரில் வந்துவிட்டாள். ரோட்டு மண்ணை அள்ளிக் கடையைப் பார்த்துத் தூற்றினாள்.

“எனக்க பிள்ளைக்கு மாலை கேட்டா பாடைக்குப் பூ காட்டுதியாட்டி? நீ நல்லா இருப்பியா?”

பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அம்மா, கொஞ்சம் அங்கன தள்ளி நின்னு தூத்துங்க. எனக்க சட்டியில விழுது.”

அதற்குப் பிறகுதான் தொழிலை ஒழுங்கு செய்தோம். நல்லதுக்கு ஒரு போன், துக்கத்துக்கு ஒரு போன். தண்ணீர்த் தொட்டி தனி, கத்தரி தனி. ஆடி மாதம் நல்ல போன் தூங்கும். துக்கப் போனுக்கு மாதம் கிடையாது. அது அடித்தால் என் பெண்டாட்டி முதலில் சுற்றிப் பார்ப்பாள், யாராவது தன் முகத்தைப் பார்க்கிறார்களா என்று. பிறகுதான் எடுப்பாள்.

ஒரு சட்டமும் போட்டாள். பூ வைத்ததும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் இல்லை என்றால் பூவே போகவில்லை என்பார்கள்.

“அங்கன நின்னு மூக்கச் சிந்தாண்டாம். படத்த எடுத்துட்டு வாருங்க.”

நான் எந்த வீட்டிலும் அழுதது கிடையாது.

ஒரு நாள் காலையில் துக்கப் போன் அடித்தது. பெண்டாட்டி குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண். பூதப்பாண்டிப் பக்கம் அவளுடைய அப்பா இறந்துவிட்டார். இவள் இனயத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். வயல் வைத்திருக்கிற வீடு, கடல்புறத்து மாப்பிள்ளை. அன்றோடு வீட்டில் பேச்சு இல்லை. சாவுச் செய்தியைக்கூட வேறு யாரோ சொல்லித்தான் அறிந்திருக்கிறாள்.

“பூ எப்படி வேணும் மக்களே?”

“எப்படியும் இருக்கட்டு அண்ணாச்சி. ரிப்பன்ல மகள்னு மட்டும் எழுதுங்க. பேரு வேண்டாம். பேரைக் கண்டா எனக்க அண்ணன் உள்ள விடமாட்டான்.”

“சரி.”

“படம் எடுப்பியள்லா? அப்பாக்க முகம் நல்லாத் தெரியணும். எறங்கி வந்தப்பம் ஒண்ணும் எடுத்துட்டு வரல்ல. எனக்க கையில அப்பா படம் ஒண்ணுகூட இல்ல. பூவு கூட வேண்டாம் அண்ணாச்சி, முகம் தெரிஞ்சா போதும்.”

நல்ல சம்பங்கி வாங்கி வளையம் கட்டினேன். ஸ்கூட்டரின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். எடுக்கிற நேரம். தலைமாட்டில் நின்ற ஆள்தான் அண்ணன். நான் வளையத்தோடு கிட்டே போனதும் ரிப்பனைப் படித்தான்.

“யாருவே மகள்?”

“மஸ்கட்ல இருந்து சொன்னாங்க.”

“இந்த வீட்டுல மகள் கிடையாது. அவளுக்கு நாங்க அப்பமே தலைமுழுகியாச்சு.”

ரிப்பனைப் பிடித்து இழுத்தான். குத்தியிருந்த ஊசியோடு பூவும் சேர்ந்து வந்தது. தரையில் எறிந்தான். வளையத்தை என்னிடமே விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அவன் பெண்டாட்டி குனிந்து பார்த்தாள்.

“பூவு கொள்ளாம், நல்ல பூவு. நம்ம வாங்குனதவிடக் கொள்ளாம்.”

“அப்பம் கெடக்கட்டு” என்றான். வாங்கி அவனே கால்மாட்டில் வைத்தான்.

நான் துக்கப் போனை எடுத்தேன்.

“என்னத்துக்கு?”

“ஒரு படம். எடுத்துட்டுப் போயிருவேன்.”

“அவளுக்கா?” என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். “படம் என்னத்துக்குவே? வீடியோ எடும்.”

அப்பா பக்கத்தில் வந்து நின்றான். நான் எடுத்தேன்.

“ஏட்டி, பாத்துக்க. ஒனக்க பூ வந்தாச்சு. நீ வரல்ல. வரவும் முடியாது. சாகிறது வரைக்கும் அப்பா ஒன்ன ஒரு வார்த்த கேக்கல்ல. கேட்டியா? ஒரு வார்த்த. கடப்புறத்துலயே கெட.”

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். போதும் என்று அவனே கையைக் காட்டினான். உடனே தூக்கிவிட்டார்கள். ரிப்பன் வழியில் கிடந்தது. தூக்கியவர்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். தெரிந்து மிதிக்கவில்லை.

ரோடு முழுக்க ஆள். போக வழியில்லாமல் பாலத்தடியில் டீக்கடையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து மஸ்கட் பெண் கூப்பிட்டாள். டூட்டியில் இருந்தாளாம், இப்போதுதான் விட்டார்களாம்.

“வச்சாச்சா அண்ணாச்சி?”

“வச்சாச்சு.”

“ரிப்பன்?”

“பிய்ச்சுப் போட்டுட்டாரு.”

 

“படம்?”

“வீடியோதான் இருக்கு. ஒங்க அண்ணன் பேசுகாரு அதுல. நல்ல பேச்சு இல்ல. கேக்காண்டாம் மக்களே.”

“அப்பா உண்டா?”

“உண்டு.”

“அப்பம் அனுப்புங்க.”

“சத்தத்த எடுக்க எனக்குத் தெரியாது. வீட்டுல போயி…”

“சத்தம் இருக்கட்டு. அவனுக்க சத்தம் கேட்டும் வருசமாச்சு.”

அனுப்பினேன். டீ குடித்து முடித்தேன். என் பெண்டாட்டி கூப்பிட்டு, “படம் போச்சா?” என்றாள். போச்சு என்றேன். “அப்பம் வாருங்க, ஒரு கல்யாண மாலை கெடக்கு” என்று வைத்துவிட்டாள்.

எழும்பும்போது மறுபடியும் அந்தப் பெண்.

“அண்ணாச்சி, கை மறைக்குது.”

“என்னது?”

“பேசும்பம் கைய வீசுகான். அப்பாக்க நெத்தி மட்டும்தான் தெரியுது.”

அப்போதுதான் நானும் அதைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. விரலை நீட்டி நீட்டிப் பேசுகிறான். கை கீழே இறங்குகிற இடத்தில் அவன் உடம்பு குறுக்கே வருகிறது. எடுக்கும்போது நான் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேற படம் இல்லியா?”

“இல்ல.”

“இப்பம் திரும்பப் போனா ஒண்ணு எடுக்க முடியுமா அண்ணாச்சி? நான் எவ்வளவு வேணும்னாலும் தாறேன்.”

ஆற்றுப் பக்கம் புகை எழும்பியிருந்தது.

“தீ வச்சாச்சு மக்களே” என்றேன்.