சில் அவுட் நைனா

மே ஒன்பது, காலை ஆறு ஐம்பது. அதற்குள் வெயில் முதுகைச் சுட்டது. ஆவடியில் எங்கள் அடுக்குமாடிக்குத் தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுநர் பான் மசாலா குதப்பும் ஆள். பேச்சுக்குப் பேச்சு துப்புவான். லாரியின் ரப்பர் குழாயை, மூடியில்லாத சாக்கடை வழியே இழுத்துவந்து தரைத்தொட்டியருகே நின்றான்.

"கழுவிட்டுப் போடுப்பா" என்றேன். " டைபாய்டு வந்து என் வீட்டுக்காரி முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தா."

"சில் அவுட் நைனா." துப்பினான்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"கண்டுக்காதன்னு அர்த்தம். உனக்குத்தான் பிபி ஏறிக்கினு கீது. வேற எவனாவது எட்டிப் பாத்தானா?"

முப்பத்தோரு வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவன் நான். மனத்தை ஆற்றிக்கொள் என்று சொல்லும் வார்த்தை இதற்கும் பயன்படும் என்று தெரியாது. குழாய் தொட்டிக்குள் இறங்கியது. சாக்கடைக் கறுப்பு தண்ணீரில் பிரிந்து பரவியது.

முடிந்ததும் சொட்டிய அதே குழாயில் கையேந்தி இரண்டு மடக்கு குடித்துவிட்டு வண்டி ஏறினான். அவன் என்னை ஏமாற்றவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அருவருப்பு இல்லை. அதைத்தான் இன்றும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

தொட்டியைக் காலி செய்து, கழுவி, வேறு லாரி வரவழைத்தேன். மற்ற பதினொரு வீட்டாரும் பங்கு தர மறுத்துவிட்டார்கள். நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.