பத்தொன்பது பாடகர்களின் அம்மா

படப்பிடிப்பு ஆட்கள் அவளைப் பாட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டுக்கு வருகிற அம்மா என்று பொருள். பேரன் பேத்தி எடுக்காதவளைப் பாட்டி ஆக்கிவிட்டார்களே என்று ஆரம்பத்தில் மனத்தாங்கல் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பதினோரு வருடங்களில் பத்தொன்பது பாடகர்களின் இசை வீடியோக்களில் அம்மாவாக வந்துவிட்டாள். ஒன்றிலும் வசனம் கிடையாது.

அதற்கு முன் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். தொழிற்சாலை மூடியதும் ஒரு வருடம் வீட்டில் கிடந்தாள். மாடியில் குடியிருந்த ஒப்பனைக்காரிதான், "அக்கா, சும்மா வந்து ஜன்னல் பக்கத்துல நில்லுங்க, போதும்" என்று அழைத்துப் போனாள். நின்றாள். இயக்குநர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்த முகத்துக்கு கிளிசரினே வேண்டாம்" என்றார். அது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை.

பாடகர் எப்படித் தெரிய வேண்டுமோ அதற்கேற்ற அம்மா. கோபக்காரன் என்று பெயரெடுத்த ராப் பாடகனுக்கு, நீல வெளிச்சத்தில் துணி மடிக்கிற அம்மா. காதல் பாட்டுக்காரனுக்கு, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அம்மா. வசதியான வீட்டில் பிறந்த ஒருத்தன் கஷ்டப்பட்டு மேலே வந்தவனாகத் தெரிய வேண்டியிருந்தது. உடைக்காரர்கள் புத்தம்புது உடுப்பை உப்புத்தாளால் தேய்த்து நைய வைத்து அவளுக்கு மாட்டினார்கள்.

"நான் போட்டுட்டு வந்ததே பழசுதானேம்மா" என்றாள்.

"அது கேமராவுக்குப் பழசா தெரியாதும்மா" என்றாள் உடைக்காரி.

வீட்டில் மகள் ஒருத்தி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. "உன் பத்தொன்பது பிள்ளைங்கள்ல ஒண்ணாவது ஃபோன் பண்ணி சாப்ட்டியான்னு கேக்குதா?" என்பாள். அம்மா சிரித்துக்கொள்வாள். பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

அந்தப் பத்தொன்பதாவது, ஒரு பாடகி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பாட்டு அவளுடைய சொந்தக் கதை. பாடப் போகிறேன் என்று வீட்டைவிட்டு வந்தவளிடம் அவள் அம்மா நான்கு வருடம் பேசவில்லை. பேசாமலே இறந்தும் போனாள். இயக்குநர் இதற்கு ஒரு முடிவு எழுதியிருந்தார். மகளின் பாட்டை ரேடியோவில் கேட்ட அம்மா, போட்டது போட்டபடி ரயில் நிலையத்துக்கு ஓடி வருகிறாள். ரயில் கிளம்புகிறது. மகள் பெட்டி வாசலில் நின்று பாடிக்கொண்டே கையை நீட்டுகிறாள்.

ஒப்பனை வண்டியில் பாட்டம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பாடகி வந்து எதிரே அமர்ந்தாள்.

"எங்கம்மா ஓடி வரலம்மா. ரேடியோவ அணைச்சுட்டு, சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்துட்டாங்களாம். சித்தி சொன்னாங்க."

"அதையே எடுக்கச் சொல்லலாமே."

"சொன்னேன். யாரும் பாக்க மாட்டாங்கன்னு பாட்டுக் கம்பெனியில சொல்லிட்டாங்க."

பாட்டம்மா தன் குடுவையில் இருந்த தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள்.

வாடகைக்கு எடுத்த பழைய நடைமேடையில் காலை பத்து மணிக்கு ஓட ஆரம்பித்தாள். முதல் தடவை ரயில் சீக்கிரம் நகர்ந்துவிட்டது. அடுத்த தடவை வெயில் மேகத்துக்குள் போனது. பிறகு அவள் ஓட்டம் பதறிய ஓட்டமாக இல்லை என்றார்கள். காலர் தைத்த இருபது வருடத்தில் மெஷினை மிதித்து மிதித்து ஏற்கெனவே தேய்ந்த முட்டி. ஏழு தடவை ஓடினாள். எட்டாவதில் பாதி வழியில் கால் மடங்கியது. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பேர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்ற கூச்சத்தில் ரயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற பாடகி வாயசைப்பதை நிறுத்திவிட்டாள். ஒளிப்பதிவாளர் நிறுத்தவில்லை.

"கட்" என்றார் இயக்குநர். "என்னம்மா ஆச்சு?"

"முட்டி. கொஞ்ச நேரம் உக்கார விடுங்க தம்பி."

பாடகி இறங்கி வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இப்படித்தான் உக்காந்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் காட்சிக்காகப் பாடகி கம்பெனியோடு மூன்று வாரம் மல்லுக்கு நின்றாளாம். கடைசியில் ஓட்டம் அப்படியே இருந்தது. ஆனால் முடிவில் நான்கு வினாடி, பெஞ்சில் திரும்பி உட்கார்ந்த முதுகு. வீடியோ வந்ததும் பார்த்தவர்களில் பாதிப்பேர் அதன் கீழே, ஏதோ எடிட்டிங் தவறு என்று எழுதினார்கள். இன்னும் சிலர் தங்கள் அம்மாவைப் பற்றி எழுதினார்கள்.

மகள் அதை ஃபோனில் பார்த்தாள். ஓட்டத்தைத் தள்ளிவிட்டு அந்த நான்கு வினாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இதுல நீ நடிக்கலதானே?"

"இல்ல."

"ஃபேக்டரியிலேர்ந்து வந்து செருப்பக்கூட கழட்டாம இப்படித்தான் உக்காருவ. எம்மேல கோவம்னு நெனச்சுப்பேன். நான் பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்டுவேன்."

"கோவம் என்ன கோவம். கால் வலி."

"அப்ப சொல்லிருக்கலாம்ல?"

"சொல்றதுக்கும் முடியணும்ல."

மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் காலை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பாடகியைக் கூப்பிட்டு இதைச் சொல்லலாமா என்று பாட்டம்மா யோசித்தாள். எண் இருந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு வந்தது கோபமா, அசதியா, யாருக்குத் தெரியும்? தெரியாததைச் சொல்லி ஆறுதல்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்த அழைப்பில் மாடிப்படி ஏற வேண்டும் என்றார்கள். முடியாது என்றாள். வேறொருத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று வந்தது. உட்கார்ந்து பட்டாணி உரிக்கிற அம்மா.

"எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.