ஏத்தமா, எறக்கமா?

1971ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவுக்குக் கஞ்சி போட்டுவிட்டார்கள். அந்தப் புளித்த அரிசிக்கஞ்சி வாசனை, வெயில் ஏற ஏற, வாசற்படி தாண்டி அடுப்படி வரைக்கும் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் அமாவாசைக்குத்தான் தறி ஓயும், ஞாயிற்றுக்கிழமைக்கு அல்ல என்பதால், எங்கள் வீட்டிலும் எல்லாம் மற்ற நாள்களைப் போலவே நடந்தது. எழுந்தேன், பல் துலக்கினேன், பழைய சோறு சாப்பிட்டேன், பிறகு ராட்டை முன்னால் உட்கார்ந்து "தார்" சுற்றத் தொடங்கினேன். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் ஊடைப் பட்டைச் சுற்றுவதற்கு எங்கள் பக்கத்தில் அப்படிப் பெயர். கோடை விடுமுறையில் பெண்பிள்ளைகளுக்குக் காலை வேலை அதுதான். அது முடிந்தால்தான் விளையாட்டு.

அன்று என் தார் சரியாக விழவில்லை. உள்ளே தறியில் இருந்த நைனா மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா மல்லி, அறுந்துக்கினே இருக்குது? யாரு மேல கோவம்?"

அம்மாதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "வயித்தெரிச்சல்ல சுத்தன தாரு தறியில நிக்காதும்பாங்க. எதிர்வூட்டுக்கு மெட்ராஸ்லருந்து ஒரு பொண்ணு வந்திருக்குதில்ல, அதான் இவளுக்கு."

அம்மா சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

எதிர்வீட்டுப் பங்கஜம் என்னைவிட ஒரு வயது பெரியவள். அவள் அப்பா புடவைக்கு "டிசைன்" போடுகிறவர். கரையில் வர வேண்டிய அன்னமும் மயிலும் யாளியும் முதலில், பொடிப் பொடிக் கட்டங்கள் அச்சடித்த ஒரு பெரிய தாளில், கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பப்படும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தறிக்கான அட்டைகளில் துளை போடுவார்கள். ஒரு கட்டம் தவறினால் போதும், புடவையில் மயிலின் கழுத்து ஒடிந்துவிடும். ஆகவே தவறிய தாளை அவர் திருத்த மாட்டார். அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதுத்தாள் எடுப்பார். அந்தத் தாள் விலை கூடியது என்பதால் அவர் மிகவும் கவனமானவர், அதிகம் தவறமாட்டார். அவர் எப்போது தப்புப் பண்ணுவார் என்று நானும் பங்கஜமும் காத்துக் கிடந்தோம். அவருடைய தவறுதான் எங்கள் விளையாட்டு.

முந்தைய ஆண்டு அப்படி ஒதுக்கிய ஒரு தாளில் யாளி ஒன்று பின்னங்கால் இல்லாமல் நின்றது. அந்த மூன்று கால் யாளியை நடுவில் வைத்து, அதைச் சுற்றி வழி வரைந்து, நாங்கள் இருவரும் செய்ததுதான் "ஏத்தம்". தாளின் அடியில் வீடு, உச்சியில் மலைமேல் ஒரு கோட்டை. நெசவுக்காரர் பிள்ளைகளுக்கு அது அடியிலிருந்துதான் தொடங்கும். தறியில் முதலில் ஓடும் இழை தாளின் அடிவரிசைதானே. சோழி போட்டு, புளியங்கொட்டையோ பொத்தானோ வளையல் துண்டோ காயாக வைத்து ஏற வேண்டும். சிவப்புப் புள்ளி வைத்த கட்டத்தில் காய் நின்றால், அங்கே என்ன ஆபத்து என்பதை ஒருத்தி சொல்ல வேண்டும். பங்கஜம் வரைகிறவள், நான் "சொல்றவ". "இது பாழுங்கெணறு. உள்ள பூதம் குந்திக்கினு இருக்குது. உன் பேரக் கேக்குது. சொல்லுவியா, மாட்டியா?" என்று நான் குரலைத் தாழ்த்திக் கேட்டால், கோடிவீட்டுத் தனபால் உண்மையாகவே எச்சில் விழுங்குவான். யார் முதலில் கோட்டையைத் தொடுகிறார்களோ அவர்களுக்குப் புதையல். அத்தோடு ஆட்டம் முடிந்தது. அந்த ஓராண்டு, பங்கஜத்தின் கை வரைந்ததற்கெல்லாம் என் வாய்தான் உயிர் கொடுத்தது என்று நான் நம்பினேன்.

பிறகு ஏப்ரல் கடைசியில் சுகுணா வந்தாள். பங்கஜத்தின் அத்தை மகள், வண்ணாரப்பேட்டை. நைலான் ரிப்பன், ரப்பர் வைத்த பென்சில். முதல்நாள் அவளை ஆட்டத்தில் சேர்த்தபோது, பேசாமல் காயை எடுத்துத் தாளின் உச்சியில், கோட்டையில் கொண்டுபோய் வைத்தாள். எழுத்துப் படிக்கிறவள் மேலிருந்துதானே தொடங்குவாள். அவளுக்குத் தறி தெரியாது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பங்கஜத்தின் தம்பி ஏகாம்பரம் தரையில் புரண்டான்.

"அய்ய, கோட்டையிலருந்து எங்கடி போவ? வூட்டுக்கா?" என்றேன் நான்.

சுகுணா முகம் சிவந்து, ஆனால் விடாமல், "ஆமா, வூட்டுக்குத்தான். புதையல் எடுத்தவ வூட்டுக்கு வர வேணாமா? அங்கயே செத்துப்பூடுவாளா?" என்றாள்.

எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தோம். பங்கஜம் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் தாளையே பார்த்தாள், பிறகு சுகுணாவைப் பார்த்தாள். புது வழி ஒன்றை வரையத் தொடங்குமுன் என்னைப் பார்க்கும் அதே பார்வை. என் வயிற்றில் தீ வைத்தது அந்தப் பார்வைதான். மற்றதெல்லாம் அதில் ஊற்றிய எண்ணெய்.

அவர்கள் இருவரும் சேர்ந்து, நல்ல தாள் கிடைக்காததால், புடவை மடித்து வரும் பழுப்புத்தாளில் கோணல்மாணலாகக் கோடு போட்டு "எறக்கம்" செய்தார்கள். சொல்கிறவள் சுகுணா. கூப்பிட்டபோதெல்லாம் எனக்குத் தலைவலித்தது, வயிறு வலித்தது, தார் சுற்ற வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து அவர்கள் உட்கார்ந்து ஆடும் வாசல் நடை தெரியும். ஒரு நாள்கூடப் பார்க்காமல் இருந்ததில்லை.

அந்த ஒன்பதாம் தேதி காலையில்தான் பங்கஜத்தின் அப்பா மறுபடியும் தவறினார். எதிரெதிரே இரண்டு அன்னங்கள். ஒன்றின் அலகு ஒரு கட்டம் நீண்டுவிட்டது. அவர் வழக்கப்படி தொடங்கிய தேதியை மூலையில் குறித்திருந்த அந்தத் தாளை வெளியே நீட்டி, "எட்த்துக்கினு போங்கம்மா. ஒண்ணுதான் இருக்குது, அடிச்சிக்காதீங்க" என்றார்.

ஒன்றுதான் இருந்தது. வைகாசி கருட சேவைக்கு ஆரணியிலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் உறவுப் பிள்ளைகள் எல்லா வீட்டுக்கும் வந்து இறங்குவார்கள். அவர்கள் முன் விரிக்க நல்லதாக ஒரு தாள் வேண்டும். ஏத்தம் மடிப்பெல்லாம் கிழிந்து, விரல்பட்டு வழி அழிந்துபோயிருந்தது. எறக்கமோ பழுப்புத்தாளில் கிடந்தது. புதுத்தாளில் எதை வரைவது? எதை வரைந்தாலும் மற்றது அத்தோடு போயிற்று. ஏத்தம் போனால் அதைச் சொல்கிறவளும் போவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டையும் இன்றே ஆடிப் பார்த்து முடிவு செய்வது என்று பங்கஜம் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வயிறு வலிக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன்கள் இருவரும் இப்போது கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு சாகச விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருவன் கையில் வாளோடு மலை மலையாகப் போகிறான். அதில் முதல் பாகம் உயர்ந்ததா, இரண்டாம் பாகம் உயர்ந்ததா என்று சாப்பாட்டுத் தட்டு காயும்வரை சண்டை. பெரியவன் இரண்டாவது என்பான், சின்னவன், "மொதல் பாகம் இல்லன்னா ரெண்டாவது ஏதுடா?" என்பான். நான் இரண்டையும் பார்த்ததில்லை. ஆனால் சின்னவனுக்கு ஒரு கரண்டி குழம்பு அதிகமாக ஊற்றுவேன்.

எங்களுடைய இரண்டைப் பற்றி என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும். ஏத்தத்தில் எல்லாமே வேகம். பெரிய எண் விழ வேண்டும், யாளி வாய் திறக்குமுன் தாண்ட வேண்டும், பின்னால் வருகிறவன் விழுந்தால் நமக்கு நல்லது. எறக்கத்தில் அதே யாளிதான், ஆனால் நாம் அதன் முதுகுப்பக்கமாக வருகிறோம், அது தூங்குகிறது. அங்கே ஒன்றோ இரண்டோதான் விழலாம். பெரிதாக விழுந்தால் காலடி கேட்டு எழுந்துவிடும், வந்த வழியே ஓட வேண்டியதுதான். பெரிய எண்ணுக்குப் பயப்பட வேண்டும் என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. போதாததற்குச் சுகுணா இன்னொரு விதி வைத்திருந்தாள்: வீடு வந்து சேர்ந்தவர்கள் எழுந்து போகக்கூடாது; இன்னும் வராதவர்களுக்காக அவர்கள் சோழி போட வேண்டும். கடைசி ஆள் வந்தால்தான் ஆட்டம் முடியும். "தோக்கறவனே இல்லாத ஆட்டம் இன்னா ஆட்டம்?" என்று ஜன்னலில் நின்று முணுமுணுத்திருக்கிறேன்.

மதியம் முதலில் ஏத்தம் ஆடினோம். கிணற்றுப் பூதத்தைப் புதிதாக ஒரு குரலில் பேச வைத்தேன். நானே கோட்டையையும் தொட்டேன். நிமிர்ந்து பார்த்தால் தனபாலைக் காணோம். பாதியில் யாளியிடம் அகப்பட்டதும், "எனக்கு இனிமே இங்க இன்னா வேல?" என்று கோலி ஆடப் போயிருந்தான். ஏகாம்பரம் போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தான்.

பிறகு எறக்கம். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் யாளியின் வால் அருகே வந்ததும் சோழியைக் குலுக்கவே கை பயந்தது. எனக்கு ஐந்து விழுந்தது. எழுந்துவிட்டது, ஓடினேன். மறுபடி வந்தேன், நான்கு. இதற்குள் ஏகாம்பரம் தாளில் இருந்த வீட்டுக்குப் போனான், பங்கஜம் போனாள், தனபாலும் போனான், சுகுணா போனாள். மலையில் என் பச்சை வளையல் துண்டு மட்டும் தனியாக நின்றது. எனக்காகச் சோழி எடுத்தவள் சுகுணா.

"மெதுவா போடுடி! எழுந்துக்கப்போவுது!" என்றாள் பங்கஜம்.

"ஒத்த மூச்சு வுடாத, அதுக்குக் கேக்கும்!" என்று தனபால் தன் வாயையே பொத்திக்கொண்டான்.

அவர்கள் எல்லோரும் எனக்காகத்தான் குனிந்திருந்தார்கள். நானோ, அவள் கையில் ஆறு விழ வேண்டும், யாளி எழ வேண்டும், நான் மலையிலேயே கிடக்க வேண்டும், இந்த ஆட்டம் நாசமாகப் போக வேண்டும் என்று காமாட்சியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். சுகுணா குலுக்கவில்லை, தண்ணீர் ஊற்றுவது போலச் சோழிகளைத் தரையில் சரித்தாள். இரண்டு. அடுத்தது ஒன்று. தனபால் கூச்சலிட்டான். என் காய் வீட்டுக்கு வந்துவிட்டது, அவள் கையால். ஏகாம்பரம் என் முதுகில் அறைந்து, "மல்லிக்கா வந்துடுச்சு!" என்று குதித்தான். தோற்றிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"சரி, சொல்லுங்க. எது?" என்றாள் பங்கஜம்.

"ஏத்தந்தான். எறக்கத்துல சண்டையே இல்ல" என்றான் ஏகாம்பரம்.

"போடா. எறக்கம்" என்றான் தனபால்.

பங்கஜம் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு மல்லி. நீ சொல்றதுதான்."

"அவள இன்னாத்துக்குக் கேக்கற?" என்றாள் சுகுணா. "அவ அவளோடதத்தான் சொல்லுவா. பொறாம புடிச்சவ."

ஏத்தம் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால், சாகும்வரை அது பொறாமையில் சொன்னதாகவே ஆகியிருக்கும். அதோடு, யாளியின் முதுகுப்பக்கம் சோழியைக் குலுக்க நான் பயந்ததும் பொய்யில்லை.

"எறக்கம்" என்றேன். "ஆனா சொல்றது நான்தான்."

"அதெப்பிடி? நான் பண்ணதுக்கு நீ சொல்லுவியா?" என்று சுகுணா எகிறினாள்.

"யாளிய மொதல்ல யாரு சொன்னது? உங்க மெட்ராஸ்ல யாளி பஸ்ல போவுதா?"

பங்கஜம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நாளைக்குக் காலைல வரையறப்ப பாத்துக்கலாம், போங்கடி" என்று தாளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். சுகுணா அந்த வீட்டிலேயே தூங்குகிறவள். நான் தெருவைத் தாண்ட வேண்டியவள். அந்த நியாயமின்மை அன்றிரவு முழுவதும் என் பாயில் என்னோடு படுத்திருந்தது.

இரண்டு தாள்களும் இப்போது இல்லை. ஏத்தத்தைப் பங்கஜத்தின் அம்மா டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்தார்; எறக்கத்தைக் கருட சேவைக்கு வந்த ஆரணிப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை. எதிர்வீடு இடிந்து அங்கே ஒரு புடவைக்கடையின் கிடங்கு இருக்கிறது. எங்கள் ஜன்னலில் நின்றால் அதன் இரும்புக் கதவு மட்டும் தெரியும். சென்ற ஆண்டு பங்கஜத்தின் பேரனுக்குக் காது குத்தியபோது சுகுணாவும் வந்திருந்தாள். பந்தியில் யாரிடமோ அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்து, "நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணது" என்று பங்கஜத்தின் தோளைத் தொட்டுச் சொன்னாள். நான் அடுத்த இலையில் இருந்தேன். பாயசத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். எறக்கம்தான் சிறந்த ஆட்டம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதைச் செய்தவர்கள் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

அந்தத் தாள் கிடைத்த மறுநாள், பத்தாம் தேதி திங்கட்கிழமை, கண் விழித்ததும் நான் செய்த முதல் காரியம், பல்கூடத் துலக்காமல் தெருவைத் தாண்டி ஓடியதுதான். கஞ்சி போட்ட பாவின் கீழே குனிந்து, எதிர்வீட்டு நடையில் போய் நின்றேன். தாளை விரித்துப் பங்கஜம் குனிந்திருந்தாள். ஒட்டிக்கொண்டு, ரப்பர் வைத்த பென்சிலோடு, சுகுணா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் இடையில் ஒரு கை நுழையும் அளவுக்குக்கூட இடமில்லை. "நவுரு" என்றேன். அவள் நகரவில்லை. நான் முழங்காலை முதலில் நுழைத்து, பிறகு தோளை நுழைத்து, நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.