உள்ளே இழைத்த பெட்டி

நான் தச்சன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அதனால் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தேன். கொண்டாப்பூரில் அடுக்குமாடிகள் எழும்பிய வருஷங்களில் எனக்கு ஓய்வு கிடையாது. சாப்ட்வேர்காரர்களின் சமையலறைக்கு அலமாரி செய்தேன். என் பலகையில் கை வைத்தால் வழுக்கும். அதற்காகவே தேடி வருவார்கள்.

சைனிக்புரியில் ஒரு அம்மா. கோயம்புத்தூர் பக்கம். கணவர் பட்டாளத்தில் இருந்து இறந்துபோனவர். வீட்டை ஒட்டி அவர்களுக்கு இன்னொரு மனை. புதர், சீத்தா மரம், வேப்பமரம், ஒரு பாறை என்று இருந்தபடியே விட்டிருந்தார். அமெரிக்காவிலிருந்த மகனோ அதை விற்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"பறவைக்குன்னு விட்டிருக்கேன்னா, பறவை எங்கம்மான்னு கேக்கறானுங்க. இந்த வருஷம் ஒரு கூடாவது பொரிச்சா இடத்தைப் பத்திப் பேசமாட்டானாம். ஆறு பெட்டி செஞ்சு குடுங்க மேஸ்திரி."

"பெயிண்ட்?"

"வேண்டாமுங்க. வாசல்ல குச்சியும் வேண்டாம். காக்கா உக்காந்துக்கும்."

பழைய தேக்கில் செய்தேன். இரண்டு நாள் அந்த மனையில் நின்று வெயில் எங்கே விழுகிறது, பூனை எந்தச் சுவரில் நடக்கிறது என்று பார்த்தேன். பிறகுதான் வேப்பமர நிழலில், வாசல் கிழக்கே பார்க்க மாட்டினேன்.

ஒரு பெட்டியில் குண்டுகரிச்சான் ஜோடி குடிவந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும் பறவை. நாலு குஞ்சு பொரித்ததாக அம்மா போனில் சொன்னார். பத்துப் பதினைந்து நாளில் மறுபடி போன்.

"தாயும் தகப்பனும் நேத்திருந்து புதர்ல உக்காந்து கூப்பிடுதுங்க. குஞ்சு வெளிய வரமாட்டேங்குது. இந்நேரம் பறந்திருக்கோணும்."

நான் கொண்டாப்பூரில் ஒரு வீட்டு வேலையில் இருந்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போறீங்க? நாளன்னிக்கு கிரகப்பிரவேசம்," என்றார் வீட்டுக்காரர்.

"குருவி மாட்டிக்கிச்சு சார்."

"குருவியா?"

வண்டியை எடுத்துவிட்டேன்.

ஏணி போட்டு ஏறிப் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே சரக்கென்று ஒரு சத்தம். அப்புறம் பொத்தென்று விழும் சத்தம். மறுபடி சரக். எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பெட்டி காலியாக இருந்தது. அதற்குள் விரலை விட்டுத் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. உள்பக்கத்தையும் இழைப்புளி போட்டு, உப்புத்தாள் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கைப்பழக்கம். குஞ்சுக்கு ஏறக் கால் பிடிக்கவில்லை.

"என் தப்புதாம்மா," என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு கோணிச் சாக்கை எடுத்து வந்து கொடுத்தார். அதில் ஒரு நீளத் துண்டு வெட்டினேன். மேல் மூடியின் திருகாணிகளைச் சத்தமில்லாமல் கழற்றி, துண்டை உள்ளே வாசல் பக்கமாகத் தொங்கவிட்டு, மூடியை வைத்தேன். ஏணியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் இருவரும் உட்கார்ந்தோம். தாய்ப்பறவை புழுவோடு வந்தது. உள்ளே கொடுக்காமல் புதருக்கே போய்க் கூப்பிட்டது.

வாசலில் ஒரு தலை தெரிந்தது. எட்டிப் பார்த்தது. சீத்தா மரத்துக்குப் போய் விழுந்தது, பறந்தது என்று சொல்ல முடியாது. வெயில் தாழ்வதற்குள் நாலும் வந்துவிட்டன. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் காபி குடித்தேன்.

மறுவாரம் ஆறு பெட்டியையும் இறக்கி, உள்பக்கம் உளியால் குறுக்கே குறுக்கே கீறினேன். நல்ல மரத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கியது அதுதான் முதல் தடவை. கை கூசியது. அடுத்த வருஷம் மூன்று பெட்டியில் குடி.

மனை இன்னும் அப்படியே இருக்கிறது. மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். லீவில் வந்தபோது காலிப் பெட்டி ஒன்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"ஃபினிஷிங் சரியில்லையே அங்கிள்."

"ஹவ் தம்பி," என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டேன். "என் வேலையிலேயே உருப்படியான வேலை அதுதான்."