வின்சன்ற் அண்ணை தாடி வளர்த்த சீசன்

ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் என் பேஸ்மென்றுக்கு மேலே குடியிருப்பவர்கள் வின்சன்ற் அண்ணையும் றீற்றா அக்காவும். அண்ணை மன்னார்க்காரர். இருபத்தாறு வருடமாக யன்னல் தொழிற்சாலை ஒன்றில் கண்ணாடி வெட்டுகிறார். விடிய ஐந்து மணிக்குச் சவரம், அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர். ஒரு நாளும் மாறியதில்லை.

போன வருடம் தொழிற்சாலைக் குலுக்கலில் அவருக்கு இரண்டு சீசன் ரிக்கற் விழுந்தது. கனடியக் கால்பந்து. முட்டை மாதிரிப் பந்து, தலைக்கவசம் போட்ட மலைகள், மூன்று அடி ஓடினால் ஒரு விசில். யூன் மாதம் முதல் ஆட்டத்திலேயே எங்கள் ரொறன்ரோ அணி முப்பது புள்ளியால் தோற்றது. அண்ணைக்குப் பாவமாகிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றபடியே அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார்: அணி பிளேயோஃப் என்ற இறுதிச் சுற்றுக்குள் போகும்வரை தாடி எடுப்பதில்லை.

ஊரில் பங்குத் திருநாளுக்கு வைக்கும் சுற்றுப்போட்டி ஒரு கிழமையில் முடிந்துவிடும். அந்தக் கணக்கில்தான் வைத்தார். பதினெட்டு ஆட்டம், ஐந்து மாதம் என்று மகள் ஸ்டெபனி சொன்னபோது அவருக்குப் புரையேறியது. நவம்பர் முதல் சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். கடைசி ஆட்டம் அதற்கு முந்திய சனிக்கிழமை.

ஓகஸ்ட் வந்தது. எட்டு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. தாடி கழுத்தை மறைக்கத் தொடங்கியது.

"பிளீஸ் அப்பா, ஜஸ்ட் ட்ரிம் பண்ணுங்கோ. ஃபோட்டோவில ஆரோ சாமியார் எண்டு நினைப்பினம்."

"நேர்த்தியை ட்ரிம் பண்ணேலாது, பிள்ளை."

"விசா கிடைக்க வளர்ப்பினம், வருத்தம் மாற வளர்ப்பினம்," என்றார் றீற்றா அக்கா. "பந்தடிக்கு வளர்த்த ஒரே விசரன் எனக்கெண்டு வாய்ச்சிருக்கு."

பங்குக் குருவால் நேர்த்தியைத் தளர்த்தலாம் என்று யாரோ சொல்ல, அக்கா புருஷனைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பங்குச் சுவாமி தாடியைப் பார்த்தார், சிரித்தார், இன்னும் சிரித்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் எங்கள் பரம எதிரியான ஹமில்ற்றன் அணியின் ஆள். "நேர்த்தி நேர்த்திதான் வின்சன்ற். அந்தோனியாரோட விளையாடாதையும்."

அன்றிலிருந்து அக்கா கால்பந்து விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். இந்தத் துன்பம் எத்தனை வழியில் முடியலாம் என்று அறியத்தான். செப்ரெம்பரில் மைதானத்தில் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தபடி நடுவர்களுக்கு மன்னார்த் தமிழில் விதி படிப்பித்தார். அணி வெல்லத் தொடங்கியது, மூன்று, நான்கு, ஐந்து. நாங்கள் படிக்கட்டில் சந்திக்கும்போதெல்லாம் காரணமில்லாமல் சிரித்தோம்.

கடைசி ஆட்டம், ஹமில்ற்றனோடு. வென்றால் பிளேயோஃப், இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் சாமியார். நானும் ஒரு ரிக்கற் வாங்கிக்கொண்டு போனேன். கார் ஓடியதும் நான்தான். டிக்கியில் அக்கா வைத்த சவரச் சாமான்கள் குலுங்கின.

இருபத்துநாலுக்கு இருபத்துநாலு. கடைசி விநாடி. எங்கள் ஆள் கம்பங்களுக்கு நடுவே உதைக்க வேண்டும். உதைத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

அண்ணை தாடியை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்துவிட்டார். "முடிஞ்சுது."

"எழும்புங்கோ," என்று அக்கா அவர் தோளில் அடித்தார். "கம்பத்துக்குப் பின்னால உள்ள கட்டத்துக்குள்ள அவங்கட ஆள் பந்தைப் பிடிச்சிட்டான். வெளியால வரவிடாமல் அங்கயே விழுத்தினால் எங்களுக்கு ஒரு பொயின்ற். ஒண்டு காணும். விழுத்தடா அவனை."

ஹமில்ற்றன்காரன் இடது பக்கம் ஓடினான், வலது பக்கம் திரும்பினான். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் எங்கள் நாலு நீலச் சட்டைகள் அவன்மேல் சரிந்தன. இருபத்தைந்து, இருபத்துநாலு. முன்பின் தெரியாத ஒரு மனுஷி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நானும் குதித்தேன், இரண்டு பொப்கோர்ன் பெட்டி போனது.

"பிழைச்ச அடிக்கும் பொயின்ற் குடுக்கிறாங்களே," என்றேன்.

"துலைஞ்சதைத் தேடிக் குடுக்கிறவரெல்லோ அந்தோனியார்," என்றார் அண்ணை கண்ணைத் துடைத்தபடி. "துலைஞ்ச பந்தை மட்டும் விடுவாரே?"

கார் நிறுத்துமிடத்திலேயே அக்கா தாடியை இறக்கினார். "ஆடாதேங்கோ, காது போயிடும்." ஹமில்ற்றன் சட்டை போட்ட இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். நுரையைத் துடைத்த பிறகுதான் பார்த்தோம். ஏரிக்கரை மைதானத்து வெயில் ஐந்து மாதம் சுட்ட நெற்றியும் மூக்கும் கறுவல், கீழே நாடி மட்டும் புதிதாக உரித்த பனங்கிழங்கு.

அந்த முகத்தோடுதான் மகளைக் கைப்பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப் போனார். கல்யாணப் படத்தில் எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள், இரண்டு பேரைத் தவிர. எங்கள் அணியின் பிளேயோஃப் ஆட்டம் அதே நேரத்தில்தான். இரண்டு நிறத்து முகம் ஒன்று சுவாமியின் உள்ளங்கையைக் குனிந்து பார்க்கிறது. அதற்குள் போன். சுவாமியின் உதடு ஸ்கோர் சொல்லுகிறது.