மூன்று இடத்தில் இருந்த சேதி

அந்தத் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவர் ப்ராஜெக்ட் மாமாதான். பள்ளி வாசலுக்கு நேர் எதிரே கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கலர் பிரிண்டர், நெட் பார்க்க நாலு கம்ப்யூட்டர். நாலு திரையும் அவருடைய நாற்காலியைப் பார்த்தபடி இருக்கும். திருட்டுத்தனமாக ஒன்றையும் பார்க்க முடியாது.

கண்டிப்பான மனுஷர். போன் நம்பரோ, போட்டோவோ, வீட்டு விலாசமோ நெட்டில் எந்தப் பக்கம் கேட்டாலும் பிள்ளைகள் மவுஸை விட்டுவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் திட்ட மாட்டார். கூப்பிடாமல் விட்டால்தான் தொலைந்தார்கள். தேடியதும் மேலே வந்து நிற்கிற முதல் பக்கத்தை அப்படியே அச்சடித்துக் கேட்டாலும் கொடுக்க மாட்டார். அதற்கென்று சொந்தமாக ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்: "ஒரு எடத்துல இருந்தா வதந்தி, மூணு எடத்துல இருந்தா சேதி." டீச்சர்களே பிள்ளைகளை அவரிடம் அனுப்பிவைத்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

ஆனால் இந்த ஞானமெல்லாம் பிற்பாடு வந்தது. கடை திறந்த புதிதில் அவர் வேறு ஆள். தலைப்பைச் சொன்னால் போதும், பக்கம் பக்கமாக டைப் அடித்துக் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு காலையில், வேலைக்குப் போகிற வழியில் ஒரு தாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். மகளுக்கு வண்ணத்துப்பூச்சி பற்றி ப்ராஜெக்ட். கடைசிப் பக்கம் பாதி காலி. பக்கம் நிரம்பாவிட்டால் டீச்சர் வாங்க மாட்டாராம், மணி வேறு அடிக்கப் போகிறது. மாமா யோசிக்கவே இல்லை. வண்ணத்துப்பூச்சி எங்கே பறந்து திரிந்தாலும் முட்டையிடத் தான் பிறந்த அதே செடிக்குத்தான் திரும்பி வரும் என்று ஆரம்பித்து ஒரு பத்தி அடித்துவிட்டார். தாய்வீட்டுக்கு வரும் மகளைப் போல என்று ஒரு வரி வேறு. அதைப் படித்து அந்தத் தாய்க்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பிறகாவது அழித்திருக்கலாம். செய்யவில்லை. வண்ணத்துப்பூச்சி என்று யார் வந்தாலும் அதே ஃபைலை எடுத்து, பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் அப்படி ஒன்று இருந்ததையே மறந்து போனார்.

அவருக்கு ஒரே மகள். கொஞ்சம் தள்ளி வேறொரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. மற்ற பிள்ளைகள் மாமா பார்க்கும்போது மட்டும் வாய்ப்பாட்டைக் கடைப்பிடித்தார்கள். அவள் மட்டும்தான் அதை மனசார நம்பினாள். நகரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஓர் அறிவியல் கண்காட்சி வந்தது. ஜெயிக்கிறவர்களைக் கோடை விடுமுறையில் பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் நடக்கும் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். அந்த முகாமுக்காக அவள் தவம் கிடந்தாள். பள்ளி மைதானத்து வேலியோரச் செடிகளை வெட்டினால் வண்ணத்துப்பூச்சிகள் என்ன ஆகும் என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம்.

சார்ட் அச்சடித்தவர் மாமாதான். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரியைப் பார்த்ததும் கை நின்றது. பிறந்த அதே செடிக்குத் திரும்பி வரும். சட்டென்று எல்லாம் நினைவு வந்தது. எங்கே எடுத்தாய் என்று கேட்டார். மகள் பெருமையாக மூன்று பக்கங்களைத் திறந்து காட்டினாள். ஒன்று தோட்டக்கலைத் தளம், ஒன்று பொது அறிவுத் தளம், ஒன்று கடைக்கு எதிரே இருக்கும் பள்ளி நெட்டில் போட்டிருந்த ஆண்டு மலர்.

இங்கேதான் அந்த மனுஷர் அடித்த கூத்தைப் பாருங்கள். 'அட, நாம் வாய்க்கு வந்தபடி எழுதியது நிஜமாகவே சரியாகத்தான் இருந்திருக்கிறது' என்று சந்தோஷப்பட்டார். தான் விட்ட புருடாவைத் தன் வாய்ப்பாட்டிலேயே போட்டுப் பார்த்து, தானே பாஸ் மார்க்கும் போட்டுக்கொண்டார். பளபளப்பான தாளில் அச்சடித்து, மகளை முதுகில் தட்டி அனுப்பினார்.

நடுவராக வந்தவர் பூச்சிகளோடே ஆயுளைக் கழித்த ஒரு பேராசிரியை. சார்ட்டைப் பொறுமையாகப் படித்தார். அதே செடிக்கு வருவதை யார் பார்த்தது, எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டார். மூன்று இடத்தில் இருக்கிறது என்றாள் இவள்.

"இருக்கட்டும்மா. பார்த்தது யாரு?"

அவள் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். தன் புழுக்கள் தின்னக்கூடிய எந்தச் செடியிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், பிறந்த செடியைத் தேடி வராது என்று மென்மையாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். முகாமுக்கு வேறு பள்ளிப் பிள்ளைகள் போனார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தோட்டக்கலைத் தளம் பொது அறிவுத் தளத்திலிருந்து எடுத்திருந்தது. அது ஆண்டு மலரிலிருந்து எடுத்திருந்தது. தாய்வீட்டு வரி மூன்றிலும் எழுத்து மாறாமல் இருந்தது.

"மூணும் ஒரே கிணத்துத் தண்ணிப்பா," என்றாள். "அந்த ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் நம்ம கடைக்குத்தானே வருவாங்க?"

மாமா ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பிரிண்ட் போடக் கொடுத்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் மகள்.

"தெரியும்மா. ஆனா மூணு எடத்துல இருந்துச்சே."

சொல்லும்போதே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஒரு வார்த்தை, 'இது வேண்டாம்மா, இது நான் எழுதினது' என்று அன்றைக்கே ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பிற்பாடு அது தப்பு என்று மூன்று இடத்துக்கும் எழுதிப் போட்டார். ஆண்டு மலரில் எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டிடமிருந்தும் பதிலே இல்லை. அதற்குள் யாரோ புண்ணியவான் அந்தத் தாய்வீட்டு வரிக்குப் படம் போட்டு, காலை வணக்கம் என்று எல்லோருக்கும் அனுப்பத் தொடங்கியிருந்தார். இப்போதெல்லாம் கடையில் பிள்ளைகளிடம், முதலில் பார்த்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டு வா என்கிறார். பாவம், பிள்ளைகள் மாமா வாய்ப்பாட்டை மாற்றிவிட்டார் என்று சலித்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் மகள் வேலியோரத்தில் தானே உட்கார்ந்து, பார்த்த வண்ணத்துப்பூச்சிகளை வரைந்து கொண்டுவந்திருந்தாள். மாமா எட்டிப் பார்த்தார். அசந்துபோனார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, இது நல்லா இருக்கா? நீ சொல்லு."